துரியன் பழமும் தொட்டில் கனவும்

ஆனி, ஆடி மாதங்களில் மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் உள்ள கல்லாறு, பர்லியாறு அரசுப் பழப்பண்ணைகளில் துரியன் பழுக்கிறது. குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும் மங்குஸ்தான், ரம்புட்டான் கூடைகளுக்கு நடுவே இதுவும் கடைக்கு வந்துவிடும். மற்ற இரண்டையும் சுற்றுலா வந்தவர்கள் ருசிக்காக வாங்குகிறார்கள். துரியனைத் தேடி வருபவர்கள் வேறு. மணமாகி நாலைந்து ஆண்டு ஆன தம்பதிகள், அவர்களுக்காக விசாரித்துக்கொண்டு வரும் அம்மா, மாமியார், அக்கா. 'விசேஷம் ஒன்றும் இல்லையா?' என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன குடும்பங்கள். கிலோவுக்குப் பல நூறு ரூபாய் சொன்னாலும் பேரம் பேசாமல் வாங்கிப்போகிறார்கள். துரியன் தின்றால் குழந்தை பிறக்கும் என்ற நம்பிக்கை அந்த அளவுக்கு ஊன்றியிருக்கிறது. பருவந்தோறும் வரும் செய்திகள் அதற்குத் தண்ணீர் ஊற்றுகின்றன. இந்த நம்பிக்கைக்கு மருத்துவச் சான்று கிடையாது. சான்று என்று காட்டப்படும் ஒவ்வொன்றும் உரசிப் பார்த்தால் பித்தளையாகிவிடுகிறது.

துரியனின் தாய்நாடு போர்னியோ, சுமத்ரா, மலாய்த் தீபகற்பம். மலாய் மொழியில் 'டூரி' என்றால் முள்; அதிலிருந்து வந்த பெயர். தமிழில் முள்நாறி என்று வைத்தவர் முள்ளோடு நாற்றத்தையும் சேர்த்துக் கச்சிதமாகச் சொல்லிவிட்டார். நீலகிரி அடிவாரத்துக்கு இது ஆங்கிலேயர் காலத்துத் தோட்டக்கலை முயற்சிகளோடு வந்தது. கல்லாறு பண்ணை 1900இல் தொடங்கியது. ஆகவே சித்தர் பாடலிலோ பாட்டி வைத்தியத்திலோ துரியனுக்கு வேர் தேடினால் கிடைக்காது. இந்த மருந்துப் பட்டம் மிகப் பிந்தியது.

பட்டம் எங்கிருந்து வந்தது என்பதை ஓரளவு ஊகிக்கலாம். துரியன் விழுந்தால் சாரோங் உயரும் என்று மலாய்க்காரர்களிடையே ஒரு கேலிப் பழமொழி உண்டு. பழம் தரும் உடற்சூட்டையும் அது கிளப்பும் ஆசையையும் பற்றிய பேச்சு அது. குழந்தையைப் பற்றியது அல்ல. கடல் தாண்டி வந்தபோது ஆசையைத் தூண்டும் பழம், கருவைத் தரும் பழமாக மாறிவிட்டது. இரண்டும் ஒன்றல்ல. குழந்தைக்காக மருத்துவரிடம் வரும் தம்பதிகளில் பெரும்பாலோருக்கு ஆசையில் குறைவில்லை. கருக்குழாய் அடைப்பு, கருமுட்டை வெளிவராமை, விந்தணுக் குறைவு, தைராய்டு, கருப்பைக்கு வெளியே வளரும் அதன் உள்சவ்வு என்று காரணங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. இந்தியப் பெண்களிடம் கருக்குழாய் அடைபடுவதற்கு ஒரு முக்கியக் காரணம் காசநோய். காசநோய்க் கிருமி அடைத்த குழாயை எந்தப் பழமும் திறக்காது.

துரியனைத் தேங்காய் போலச் சாதாரணமாகப் புழங்கும் நாடுகளில் இந்த நம்பிக்கை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதும் பயன் தரும். மலேசியாவின் பகாங், தாய்லாந்தின் சந்தபுரி ஆகிய இடங்களில் பருவம் வந்தால் தெருவோரம் குவியல் குவியலாகப் பழம் கிடக்கும். சிங்கப்பூரில் துரியன் வாங்கக் குடும்பமே கிளம்பும். அதே சிங்கப்பூரில் செயற்கைக் கருத்தரிப்புச் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்கிறது. 2023இல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.97 குழந்தை. சீனா அதே ஆண்டில் 14 லட்சம் டன் துரியனை இறக்குமதி செய்து தின்றது. அதே ஆண்டில் அதன் மக்கள்தொகை 20 லட்சம் குறைந்தது. பிள்ளை பெறுவதும் பெறாததும் வாழ்க்கைச் செலவு, வேலை, விருப்பம் சார்ந்தவை என்பதால் இந்த எண்கள் துரியனுக்கு எதிரான சான்று ஆகிவிடாது. ஆனால் பழத்துக்கு உண்மையில் அப்படியொரு சக்தி இருந்தால், அதை நூற்றாண்டுகளாகத் தின்று வரும் ஊர்களில் கருத்தரிப்பு மையங்களுக்கு இத்தனை வேலை இருக்காது.

நம்பிக்கைக்கு அறிவியல் சட்டை மாட்டும்போது முதலில் சொல்லப்படுவது ஹார்மோன். 'துரியனில் ஈஸ்ட்ரோஜன் அதிகம். அதனால் கரு தங்கும்' என்ற வாக்கியம் ஒரு செய்தியிலிருந்து இன்னொரு செய்திக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. 100 கிராம் சதையில் எத்தனை மைக்ரோகிராம் என்று ஒருவரும் எழுதுவதில்லை. அளவு சொல்லாமல் 'அதிகம்' என்பது மருந்தியலில் ஒரு சொல்லே அல்ல. போகட்டும், இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். மனித உடலில் சுரக்கும் வகை ஈஸ்ட்ரோஜனை வாய்வழி விழுங்கினால் குடலும் கல்லீரலும் அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடுகின்றன. அதையும் மீறிப் போதிய அளவு இரத்தத்துக்குப் போனால் நடப்பது இன்னும் வேடிக்கை. கருத்தடை மாத்திரையில் இருப்பதே ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும்தான். இரண்டும் சேர்ந்து கருமுட்டை வெளிவராமல் தடுக்கின்றன. ஆணுக்கு ஈஸ்ட்ரோஜன் கூடினால் விந்தணு உற்பத்தி குறையும். குற்றாலத்தில் வாங்கிய பழத்தையோ சில வீடுகளில் கணவனும் மனைவியும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுத் தின்கிறார்கள்.

இதைவிடத் தெளிவான மறுப்பு மருத்துவரின் சீட்டிலேயே இருக்கிறது. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையால் கருமுட்டை வெளிவராத பெண்களுக்கு இன்று முதலில் தரப்படும் மாத்திரை லெட்ரோசோல். அது வேலை செய்யும் விதம், உடலில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைச் சில நாட்களுக்குக் குறைப்பது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததைக் கண்ட மூளையின் பிட்யூட்டரி சுரப்பி, சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனைக் கூடுதலாக அனுப்புகிறது, முட்டை முதிர்கிறது. ஆக, ஈஸ்ட்ரோஜனை ஏற்றுவதால் கரு தங்கும் என்ற வாதம் நடைமுறைச் சிகிச்சைக்கே தலைகீழானது.

ஹார்மோன் வாதம் விழுந்ததும் அடுத்து வருவது சத்துப் பட்டியல். துரியன் 'சத்துகளின் சுரங்கம்' என்பார்கள். சுரங்கத்தை நேரடியாகவே திறந்து பார்க்கலாம். ஒன்றரைக் கிலோ பழம் ஒன்றின் அடிப்பக்கத்தில் ஐந்து கோடுகள் நட்சத்திரம்போல் கூடும் இடம் தெரியும். கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு அந்த மையத்தில் கத்திமுனையை இறக்கித் திருகினால் ஓடு விரிசல் விட்டுப் பிளக்கிறது. உள்ளே ஐந்து அறைகள். ஒவ்வொன்றிலும் வெண்ணெய்போல் குழைந்த மஞ்சள் சுளைகள், ஒவ்வொரு சுளைக்குள்ளும் பலாக்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிய கொட்டை. முள்ளோட்டையும் கொட்டையையும் தள்ளிவிட்டால் தேறும் சதை மொத்த எடையில் கால் பங்கு அல்லது அதற்குச் சற்று மேல், அதாவது 400 கிராம் வரை. காசு கொடுத்தது பெரும்பாலும் முள்ளுக்குத்தான்.

அந்தச் சதையில் 100 கிராமுக்கு 147 கலோரி, மாவுச்சத்தும் சர்க்கரையும் நார்ச்சத்துமாக 27 கிராம், கொழுப்பு 5.3 கிராம், புரதம் 1.5 கிராம். பழங்களுக்குள் இது கனமான பழம். வாழைப்பழத்தில் 89 கலோரி, பலாச்சுளையில் 95. கொழுப்பு என்று சொல்லத்தக்க அளவு கொழுப்பு உள்ள பழங்களே அரிது. துரியனின் வெண்ணெய்த்தன்மை அதனால்தான் வருகிறது. பெருமைப்படத்தக்க ஒன்று உண்டு: வைட்டமின் பி1, அதாவது தயாமின், 0.37 மில்லிகிராம். ஒரு நாள் தேவையில் கால் பங்குக்கும் மேல் 100 கிராமிலேயே கிடைத்துவிடுகிறது. பழங்களில் இது அபூர்வம். நார்ச்சத்து 3.8 கிராம், பொட்டாசியம் 436 மில்லிகிராம், பி6 கணிசம். இவ்வளவும் நியாயமாகத் துரியனுக்குச் சேர வேண்டிய புகழ்.

கருத்தரிப்புக்கு என்று சொல்லப்படும் சத்துகளில்தான் கை காய்கிறது. ஃபோலிக் அமிலம் இருப்பதால் கர்ப்பத்துக்கு நல்லது என்கிறார்கள். 100 கிராமில் இருப்பது 36 மைக்ரோகிராம் ஃபோலேட். குழந்தைக்குத் திட்டமிடும் பெண் தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகத் தரும் இரும்புச்சத்து மாத்திரையில் 500 மைக்ரோகிராம் இருக்கிறது. அந்த ஒற்றை மாத்திரைக்கு ஈடாகத் தினம் ஏறக்குறைய 1.4 கிலோ துரியன் சதை தின்ன வேண்டும். 2,000 கலோரியும் கூடவே வரும். துத்தநாகம் விந்தணுவுக்கு நல்லது, அது துரியனில் உண்டு என்பது இன்னொரு வரி. உண்டுதான்: 100 கிராமில் 0.28 மில்லிகிராம். ஆண் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படுவது 17 மில்லிகிராம். எள்ளில் 100 கிராமுக்கு 7 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆனால் எள்ளுருண்டைக்காக யாரும் மேட்டுப்பாளையம் வரை பேருந்து ஏறுவதில்லை.

இரத்தசோகையைப் போக்கும் என்ற பேச்சும் இப்படிப்பட்டதே. துரியனில் இரும்பு 0.43 மில்லிகிராம், வயதுவந்த இந்தியப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் தேவை. எலும்பை வலுப்படுத்தும் என்கிறார்கள். கால்சியம் 6 மில்லிகிராம். வீட்டுக் கொல்லையில் சும்மா நிற்கும் முருங்கையின் கீரையில் 300க்கு மேல். வைட்டமின் சி 20 மில்லிகிராம் மோசமில்லை. ஆனால் தள்ளுவண்டிக் கொய்யாவில் அது பத்து மடங்கு. தூக்கம் தரும் டிரிப்டோபான் நிறைந்தது என்றும் எழுதப்படுகிறது. டிரிப்டோபான் புரதத்தின் ஒரு சிறு உறுப்பு, பெரும்பாலான உணவுப் புரதங்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு. மொத்தப் புரதமே ஒன்றரை கிராமாக இருக்கும்போது அதற்குள் எவ்வளவு டிரிப்டோபான் ஒளிந்திருக்க முடியும் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் கணக்குப் போட்டுவிடும். துரியன் தின்றபின் கண் சொருகினால் அது வயிறு நிறைந்த மயக்கம்.

பழத்தைத் தூக்கி வைப்பவர்களைப் போலவே தூற்றுபவர்களும் அளவு பார்ப்பதில்லை. துரியனில் கொலஸ்ட்ரால் அதிகம் என்பது தவறு. தாவரங்களில் கொலஸ்ட்ரால் கணக்கில் கொள்ளும் அளவுக்கு இருப்பதில்லை. அதற்காகக் 'கொலஸ்ட்ரால் இல்லாத அற்புதப் பழம்' என்பதும் வெட்டிப் பெருமைதான், வெள்ளரிக்காய்க்கும் அதே தகுதி உண்டு. துரியனோடு மது குடித்தால் செத்துப்போவார்கள் என்ற பயத்தில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஜப்பானின் சுக்குபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட சோதனைக்குழாய் ஆய்வில், பழச்சாறு மதுவின் நச்சை உடைக்கும் ஒரு நொதியின் வேலையை 70 சதவீதம் வரை தடுத்தது. பழத்துக்கு நாற்றம் தரும் கந்தகச் சேர்மங்கள் இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. முகம் சிவப்பது, குமட்டல், படபடப்பு ஆகியவற்றுக்கு அது போதும். இரண்டையும் ஒன்றாக எடுக்காமல் இருப்பது நல்லது.

சத்துக் கணக்கும் கைகொடுக்காதபோது கடைசியாக நீட்டப்படுவது அனுபவம்: 'எங்கள் சித்தி மகளுக்கு ஏழு வருஷம் கழித்து, துரியன் சாப்பிட்ட மூணாம் மாசம் தங்கியது.' இதை யாரும் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. தங்கியிருக்கலாம். துரியனால்தான் தங்கியதா என்பதே கேள்வி. கருத்தடை இன்றிச் சேர்ந்து வாழும் 100 தம்பதிகளில் 80க்கும் மேற்பட்டோர் முதல் ஆண்டிலேயே கருத்தரித்துவிடுகிறார்கள். எஞ்சியவர்களில், பெண்ணுக்கு 40 வயதுக்குள் இருந்தால், ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டாம் ஆண்டில் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே கரு தங்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல வாய்ப்பு குறையும், ஆனால் சூனியமாகிவிடாது. ஆகவே ஒரு வருடம் காத்திருந்து அலுத்த 100 தம்பதிகள் ஒரு பருவத்தில் துரியன் தின்றுவிட்டுப் போனால், அடுத்த துரியன் பருவத்துக்குள் அவர்களில் ஐம்பது பேர் வரை நல்ல செய்தி சொல்வார்கள். துரியனுக்குப் பதில் கத்திரிக்காய் தின்றிருந்தாலும் அதே ஐம்பது பேர்தான்.

அந்த ஐம்பது பேர் கடைக்காரருக்கு இனிப்புப் பெட்டியோடு வருவார்கள். மீதி ஐம்பது பேர் வருவதில்லை. பலிக்காத பழத்தைப் பற்றி யாரும் தெருவில் நின்று பேசுவதில்லை. அடுத்த கோயில், அடுத்த வைத்தியர் என்று நகர்ந்துவிடுகிறார்கள். கடைக்காரர் பொய் சொல்வதில்லை. அவர் காதில் விழுவது வெற்றிக் கதைகள் மட்டுமே. இன்னொன்று: துரியன் தேடி வரும் தம்பதிகளில் பலர் அதே மாதங்களில் மாத்திரை, ஊசி, ஸ்கேன் என்று சிகிச்சையிலும் இருக்கிறார்கள். பலன் வந்ததும் பாராட்டு பழத்துக்கும், பில் மருத்துவமனைக்கும் போகிறது.

காலக் கணக்கும் இடிக்கிறது. ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதத்துக்கு அருகில் ஆகும். ஒரு வாரத்தில் தின்ற ஒன்றிரண்டு பழம் அதே மாதத்தில் விந்தணுவை மாற்றிவிட்டது என்று சொல்ல முடியாது. உண்மையில் பழத்துக்குக் கரு தரும் சக்தி உண்டா என்று அறிய வழி இருக்கிறது: ஒத்த நிலையில் உள்ள தம்பதிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாக்கி, ஒன்றுக்குத் துரியனும் மற்றதற்கு அதே கலோரியில் வேறு பழமும் கொடுத்து ஓராண்டு கணக்கெடுப்பது. இப்படிப்பட்ட சோதனை எதையும் இந்த நம்பிக்கை சந்தித்ததாகத் தெரியவில்லை. துரியன் நீர்க்கட்டிப் பெண்களுக்கு உதவக்கூடும் என்று ஆய்விதழில் கட்டுரை வந்ததுண்டு. அது கருதுகோள், இப்படி இருக்கலாம் என்ற ஊகம். துரியனின் பலனாக மேற்கோள் காட்டப்படும் வேறு பல ஆய்வுகள் எலிகளுக்குத் தீனியில் கலந்து கொடுத்தவை. எலியின் இரத்தக் கொழுப்பு இறங்கியதிலிருந்து மனுஷியின் கருப்பைக்குத் தாவுவது நீளமான தாவல்.

நீர்க்கட்டி உள்ள பெண்களிடம் துரியனைப் பரிந்துரைப்பதில் ஒரு முரண்பாடும் உண்டு. அவர்களில் பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாது; எடை கூடியிருக்கும். உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகி முட்டை வெளிவரத் தொடங்குகிறது என்பது மருத்துவர்கள் அன்றாடம் காண்பது. அப்படிப்பட்டவரிடம் ஒரு முழுப் பழத்தை நீட்டினால் அவர் தட்டில் விழுவது ஏறக்குறைய 590 கலோரி, மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு மேல் கூடுதலாக. துரியனின் கிளைசெமிக் குறியீடு குறைவு என்று பதில் வரும். குறைவுதான், மலேசியப் பழங்களை ஒப்பிட்ட 2008ஆம் ஆண்டு ஆய்வொன்றில் துரியனுக்கு 49, அன்னாசிக்கு 82. பழத்தில் உள்ள கொழுப்பும் நாரும் சர்க்கரை இரத்தத்தில் சேரும் வேகத்தைத் தணிக்கின்றன. ஆனால் அந்த எண் வேகத்தைச் சொல்கிறது, அளவைச் சொல்வதில்லை. 250 கிராம் துரியனில் நார் நீங்கலாக 58 கிராம் மாவுச்சத்தும் சர்க்கரையும் உள்ளன. மெதுவாக ஏறினாலும் ஏறுவது 58 கிராம்தான். சிறுநீரகம் பழுதடைந்து டயாலிசிஸில் இருப்பவருக்கோ பொட்டாசியமே ஆபத்து; அரைக் கிலோ சதையில் 2,000 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அந்த அளவு அவருக்கு ஒரு நாள் முழுவதற்குமான வரம்பைத் தொட்டுவிடும்.

'தின்றுதான் பார்க்கட்டுமே, என்ன நஷ்டம்?' என்பது கடைசிச் சமாதானம். பழத்தின் விலை நஷ்டமல்ல, போவது பருவம். இந்த ஆண்டு துரியன் தின்றாகிவிட்டது, பொறுத்துப் பார்ப்போம். அடுத்த ஆண்டும் ஒருமுறை பார்ப்போம் என்று இரண்டு மூன்று ஆடி கழிந்துவிடுகிறது. பெண்ணின் சினைப்பையில் உள்ள முட்டைகள் பிறக்கும்போதே எண்ணி வைக்கப்பட்டவை, புதிதாக உருவாவதில்லை. 35 வயதைத் தாண்டினால் எண்ணிக்கையும் தரமும் வேகமாகச் சரிகின்றன. 33 வயதில் எளிதாகத் தீர்ந்திருக்கக்கூடிய பிரச்சினை 37இல் பெரிய செலவாகிறது. இரண்டாவது நஷ்டம், பழம் பெரும்பாலும் மனைவிக்கென்றே வாங்கப்படுவது. குறை அவளிடம் என்று சொல்லாமல் சொல்லும் வாங்கல் அது. உண்மையில் குழந்தையின்மையில் ஏறத்தாழப் பாதித் தம்பதிகளிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. பல ஆண்டுகள் மனைவி மட்டும் கசாயம் குடித்துத் துரியனும் தின்றபின், கணவனின் விந்துப் பரிசோதனையில் அணுக்களே இல்லை என்று தெரியவரும் வீடுகள் உண்டு.

உலகச் சுகாதார நிறுவனம் ஓராண்டு முயன்றும் கரு தங்காததைக் குழந்தையின்மை என்று வரையறுக்கிறது. ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் இதைச் சந்திக்கிறார் என்று அதன் 2023ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. மனைவிக்கு 35 வயதுக்குக் கீழ் என்றால் ஓராண்டும், அதற்கு மேல் என்றால் ஆறு மாதமும் காத்திருந்துவிட்டு மருத்துவரிடம் போய்விட வேண்டும். மாதவிடாய் தப்பித் தப்பி வருபவர்கள், காசநோய் வந்து போனவர்கள் அதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. தொடங்க வேண்டிய இடம் கணவனின் விந்துப் பரிசோதனை; வலி இல்லாதது, இருக்கும் பரிசோதனைகளில் மலிவானது, மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் செய்யக்கூடியது. அடுத்து மனைவிக்குத் தைராய்டு, சர்க்கரை, சினைப்பை ஸ்கேன். பிறகு கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று காட்டும் எக்ஸ்ரே. சர்க்கரை அளவு சரியாக இருந்தால், ஊர் திரும்பும் வழியில் கல்லாற்றில் இறங்கி ஆளுக்கு இரண்டு சுளை துரியன் தின்பதில் தடையேதும் இல்லை. நாற்றம் பிடித்தால் ருசியும் பிடித்துவிடும்.